மலைக்கல் முதல் கால்கொலுசு வரை: கொங்குப் பக்கத்து உலோகத் தொழிலை ஆபத்தில்லாமல், சுத்தமாகச் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கத்து வார்ப்பட ஆலைகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அம்மா ஊர் ஓமலூர் பக்கம் என்பதால் சேலத்து வெள்ளைக்கல் குழிகளைப் பார்த்துதான் வளர்ந்தேன். விசேஷ வீடுகளில், பஸ்ஸில், டீக்கடையில் சொந்தக்காரர்களும் பட்டறைக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அப்போது முழுசாகச் சொல்ல முடியாமல் போன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஏனுங்க, நம்ம பக்கம் எங்கீங்க சுரங்கம் இருக்குது? இதெல்லாம் ஜார்க்கண்ட்காரங்க கவலை இல்லீங்களா?"

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மேடுகள் எல்லாம் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைத் தோண்டிய இடங்கள். வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு என்று நினைத்து அந்தக் குன்றுகளுக்குச் சுண்ணாம்புக் குன்று என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், ஆனால் அது சுண்ணாம்பு இல்லை. கஞ்சமலையில் இரும்புக் கல் இருக்கிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் 1965-லிருந்து அலுமினியம் எடுத்தார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இரும்பு உருக்கிய உலைகளும், மூசை (உலோகம் உருக்கும் மண் கிண்ணம்) வைத்து எஃகு செய்த உலைகளும் கிடைத்தன.

அப்புறம் இன்றைக்கு இருப்பவை: கோவையின் பவுண்டரிகள் (வார்ப்பட ஆலைகள்), செல்வபுரத்துத் தங்கப் பட்டறைகள், சேலம் செவ்வாப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள், பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள். தோண்டுவதை மட்டும் பார்த்தால் நம்மிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. உருக்குவதையும் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

சுத்தமான தொழில்நுட்பம் என்றால் கார்பன் குறைப்பதுதானே?

அதுவும் உண்டு. ஆனால் ஒரு ஆலை சுத்தமா இல்லையா என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது உலைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளை. அவர் பத்து வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குமா, வாங்காதா? வானத்துக்குப் போகும் புகைக்குக் கணக்கு வைக்க இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஆளின் நெஞ்சுக்குள் போகும் தூசிக்குக் கணக்கு வைக்கிறவர் குறைவு. இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்தத் தூசியைப் பற்றித்தான் இருக்கும்.

தூசி அவ்வளவு பெரிய விஷயமா? எங்கள் தாத்தா எண்பது வயது வரை பட்டறையில்தானே இருந்தார்?

என் மாமா ஒருவர் பெட்லிங் பிரிவில் இருந்தார். வார்த்து எடுத்த காஸ்டிங்கில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, பிசிறை கிரைண்டிங் கல்லில் தேய்த்து எடுக்கிற வேலை. சாயங்காலம் வந்தால் வாசலில் நின்று தலைத்துண்டை உதறுவார், கறுப்பாக ஒரு சின்ன மேகம் எழும்பும், நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்போம். நாற்பத்தைந்து வயதில் இருமல் வந்தது. "இந்த இருமல் விடவே மாட்டீங்குது கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் போனது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், முழுக் கோர்ஸும் சாப்பிட்டார், குறையவில்லை. கடைசியில் வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

அது சிலிகோசிஸ். மணலில் இருக்கும் சிலிகா உடைந்து மிக நுண்ணிய தூளாகும்போது வருவது. வெயில் கற்றையில் மினுக்கும் தூசியைத்தான் நாம் தூசி என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடி வரைக்கும் போவது நான்கு மைக்ரானுக்கும் கீழே இருக்கும் தூள், அதாவது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது, கண்ணுக்கே தெரியாது. உள்ளே போன இடத்தில் நுரையீரல் தழும்பாகி இறுகுகிறது, இறுகினது திரும்ப இளகாது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சிலிகோசிஸ் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம், அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தாத்தா எண்பது வயது இருந்தது உண்மையாகவே இருக்கலாம். அவர் காலத்தில் மின்சார கிரைண்டர் இல்லை. கையால் அரம் போடும்போது எழும் தூசியும், நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுச் சுற்றும் கல்லிலிருந்து எழும் தூசியும் ஒன்றல்ல. வேலையை வேகமாக்கிய இயந்திரம் வந்தபோது கூடவே தூசியை உறிஞ்சும் இயந்திரமும் வந்திருக்க வேண்டும். பல இடங்களில் முதலாவது மட்டும் வந்தது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. சிலிகோசிஸ் சட்டத்தில் தொழில்நோயாக அறிவிக்கப்பட்டது, இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவருக்கு இழப்பீடு கேட்க வழி உண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, எத்தனை வருடம் என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. துண்டின் நூலிடை வழியாக நான் சொன்ன அந்த நுண்தூள் தாராளமாகப் போகும். கொரோனா சமயத்தில் எல்லோருக்கும் பழகிய என்95 மாஸ்க் துண்டைவிட எவ்வளவோ மேல், அதுவும் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால். தாடி இருந்தால் பொருந்தாது. ஆனால் மாஸ்க் கடைசி வழி. நாற்பது டிகிரி வெயிலில், உலைப் பக்கத்தில், எட்டு மணி நேரம் ஒரு மனிதன் மூக்கை அடைத்துக்கொண்டு வேலை செய்வான் என்று நம்பித் திட்டம் போடுவது நியாயமில்லை. தூசி கிளம்புகிற இடத்திலேயே, கிரைண்டிங் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில், உறிஞ்சும் குழாய் வாய் இருக்க வேண்டும். ஐந்து அடி தள்ளி மேலே வைத்தால் தூசி ஆளின் முகத்தைத் தாண்டித்தான் அந்தக் குழாய்க்குப் போகும். எத்தனையோ இடங்களில் பணம் செலவழித்துத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

சுரங்கத்திலும் குவாரியிலும் என்ன செய்யலாம்?

தண்ணீர். இதைவிடப் பழைய, இதைவிட விலை குறைந்த தொழில்நுட்பம் கிடையாது. கல்லில் துளை போடும்போது துரப்பணத் தண்டின் வழியாகவே தண்ணீர் விட்டால் தூள் சேறாக வெளியே வரும், பறக்காது. உலர்ந்த துளைதான் போட வேண்டும் என்றால் துளை வாயைச் சுற்றிப் பாவாடை மாதிரி ரப்பர் மறைப்புக் கட்டி அதற்குள்ளிருந்து உறிஞ்சி எடுக்கலாம்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட இந்தியா முழுக்கப் போகின்றன. கம்ப்ரசர் காற்றில் கல்மாவு பனைமர உயரத்துக்குக் கிளம்புவதை ஊரே நின்று வேடிக்கை பார்க்கும், தண்ணீர் வந்ததும் கைதட்டும். அந்தத் தண்ணீர் வருவதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரம்தான் ஆபத்தானது, வண்டியோடு போகிற பையன்கள் அதற்கு நடுவிலேதான் நிற்கிறார்கள். அந்த வண்டிகளுக்கும் இதே மறைப்பும் நீர்த் தெளிப்பும் உதவும்.

கஞ்சமலைக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது மேக்னடைட் என்ற இரும்புத் தாதும் குவார்ட்ஸ் என்ற சிலிகாக் கல்லும் அடுக்கடுக்காகப் படிந்த கல், இரும்பு மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும், மீதியில் பெரும்பகுதி அதே சிலிகா. அதைத் தோண்டி அரைப்பது என்றால் தூசிக் கட்டுப்பாட்டை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்ததிலிருந்து அந்த மலைக் கல்லை உருக்கவே இல்லை, வெளியிலிருந்து வரும் மூலப்பொருளில்தான் எவர்சில்வர் தகடு செய்கிறது. மலை அப்படியே நிற்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

குபோலாவை எடுத்துவிட்டு இண்டக்ஷன் உலை போட்டாயிற்று. இன்னும் என்ன பாக்கி?

நல்ல வேலை செய்தீர்கள். குபோலா என்பது கோக், அதாவது சுட்டு எடுத்த நிலக்கரி, போட்டு எரிக்கும் பழைய உலை. அதில் ஒரு டன் இரும்பு உருக்க நூறு கிலோவுக்கு மேல் கோக் எரியும், புகை, கந்தகம், கரித்தூள் எல்லாம் மேலே போகும். இண்டக்ஷன் என்பது மின் உலை, அதில் டன்னுக்குச் சுமார் 600 யூனிட் மின்சாரம், புகை வெகுவாகக் குறைவு. ஆனால் ஆபத்து வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

முதலாவது ஈரம். 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும் இரும்புக்குள் ஈரமான ஸ்கிராப் (பழைய இரும்பு) போனால், ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கு மேல் ஆவியாக ஒரு நொடியில் விரியும். இரும்பு கூரை வரைக்கும் பீச்சும். மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடக்கும் ஸ்கிராப்பை அப்படியே போடுவது வெடி வைப்பதற்குச் சமம். அதைவிட மோசம் இரண்டு பக்கமும் மூடிய குழாய், பழைய ஷாக் அப்சார்பர், அமுங்கிப்போன சிலிண்டர் மாதிரிப் பொருட்கள். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே எண்ணெயோ காற்றோ அடைபட்டிருக்கும். ஸ்கிராப்பைக் கூரைக்குக் கீழே வைப்பது, மூடியதை வெட்டித் திறந்து போடுவது, முடிந்தால் உலைக்குப் போகும் முன் சூடாக்கிக் காயவைப்பது, இந்த மூன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆளை விளிம்பில் நிறுத்திக் கையால் போடச் சொல்லாமல் அதிரும் தட்டு வண்டியால் ஸ்கிராப்பைத் தள்ளினால், ஏதாவது வெடித்தாலும் அங்கே ஆள் இருக்க மாட்டார்.

இரண்டாவது லைனிங். உலையின் உட்சுவர் பெரும்பாலும் குவார்ட்ஸ் தூளை இடித்துக் கெட்டித்துச் செய்வது, ரேமிங் மாஸ் என்பார்கள். சில நூறு உருக்குக்கு ஒருமுறை அதை உடைத்து எடுத்துப் புதுசு போட வேண்டும். ஒரு ஆள் உலைக்குள் இறங்கி ஜாக்ஹேமரால் உடைப்பதை நான் பார்த்திருக்கிறேன், பத்தாவது நிமிடத்தில் உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார், தலைக்கு மேல் கட்டிய பல்பு மட்டும் மஞ்சளாகத் தெரியும். அதே குவார்ட்ஸ், அதே சிலிகா, அதிலும் மூடிய குழிக்குள். இப்போது உலையைச் சாய்த்து, அடியிலிருந்து ஹைட்ராலிக் தண்டால் முழு லைனிங்கையும் ஒரே உருளையாக வெளியே தள்ளும் ஏற்பாடு கிடைக்கிறது. புதுசாக உலை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மணல். அச்சுக்குப் போடும் கருமணலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம், ஆனால் காஸ்டிங்குக்குள் வெற்றிடம் விடுவதற்காக ரெசின் என்ற பசை கலந்து செய்யும் கோர் மணல் ஒரு கட்டத்துக்கு மேல் உதவாமல் குளக்கரையிலும் பள்ளங்களிலும் போய்ச் சேர்கிறது. அந்த ரெசினில் பீனால் சார்ந்த பொருள்கள் உண்டு. மணலைச் சுட்டு ரெசினை எரித்து மறுபடி மணலாக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஒரு ஆளுக்குக் கட்டாது, பத்துப் பேர் சேர்ந்தால் கட்டும். சோடியம் சிலிகேட் மாதிரியான, வார்க்கும்போது நாற்றமடிக்காத பிணைப்பான்களும் முன்னேறி வருகின்றன. சாயங்காலம் ஊர்ப்பக்கம் காற்று அடிக்கும்போது வரும் அந்த நெடி எந்தத் தெருவுக்கும் பிடித்தமானது இல்லை, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவதில் தப்பே இல்லை.

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது? என்ன லாபம்?

நியாயமான கேள்வி. ஆனால் கோக் உலையை எந்தக் காலத்திலும் காற்றில் ஓட்ட முடியாது, மின் உலையை ஓட்டலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்கு இயற்கை கொடுத்தது. பல்லடம், உடுமலை வழியாகப் போனால் வயலுக்கு நடுவே காற்றாலைகள் நிற்கின்றன, அவற்றில் பல நம்ம பக்கத்து ஆலைகளுக்குச் சொந்தமானவை. காற்றுக் காலத்தில் அதிகம் உருக்கி, காற்று இல்லாதபோது பராமரிப்பு வேலை பார்க்கும்படி வருடத் திட்டம் போடலாம், எல்லா ஆர்டருக்கும் ஒத்துவராது, ஆனால் நிறைய ஆர்டருக்கு ஒத்துவரும்.

ஹைட்ரஜன் வைத்து இரும்பு எடுக்கிறார்களாமே?

ஆமாம். இரும்புக் கல்லில் இரும்பு ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரியைப் போட்டால் கரி அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போகும். ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு தண்ணீராகப் போகும். சுவீடனில் லூலியோ என்ற ஊரில் 2020-ல் ஹைப்ரிட் என்ற பெயரில் சோதனை ஆலை தொடங்கி, அடுத்த வருடமே முதல் உருக்கை ஒரு வண்டி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். உலகக் கார்பனில் சுமார் 7 சதவீதம் உருக்குத் தொழிலிலிருந்து வருவதால் இது பெரிய விஷயம்தான்.

ஆனால் நம்ம பக்கத்துப் பவுண்டரிகளில் கல்லிலிருந்து இரும்பு எடுக்கிற உலை கிடையாது. நாம் செய்வது பெரும்பாலும் பழைய இரும்பை உருக்குவது. அதில் ஆக்சிஜனைப் பிரிக்கிற வேலை ஏற்கனவே முடிந்துவிட்டது. அதனால் ஹைட்ரஜனுக்காகக் காத்திருக்காமல், ஸ்கிராப்பைத் தரம் பிரித்து, ஈரம் இல்லாமல், பெயிண்டும் ஈயமும் துத்தநாகமும் கலக்காமல் உலைக்குக் கொண்டுவருவதில் நாம் காட்டும் அக்கறைதான் நமக்குப் பலன் தரும்.

மேட்டூரில் அலுமினியம் எடுத்த இடத்தில் சிவப்பு மண் கிடக்கிறதே, அது என்ன?

பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அலுமினியம் செய்ய வேண்டிய அலுமினா என்ற வெள்ளைத் தூளை எடுத்த பிறகு மிஞ்சும் சேறு. ஒரு டன் அலுமினா எடுத்தால் ஒரு டன்னுக்கு மேல் இந்தச் சேறு வரும். சிவப்பு நிறம் இரும்பால், அரிப்பு காஸ்டிக்கால். குளம் கட்டி அதில் சேறாகவே தேக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா ஊர் பார்த்தது. கரை உடைந்து சேறு ஊருக்குள் பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள், பலருக்குத் தோல் வெந்தது. இப்போது புதிய ஆலைகளில் சேற்றை அழுத்திப் பிழிந்து, தண்ணீரையும் காஸ்டிக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டு, காய்ந்த மண்ணாக அடுக்குகிறார்கள். கரை உடைவதற்கு அங்கே தேங்கிய சேறே இல்லை. இரும்புச் சுரங்கக் கழிவுக்கும் இதேதான், பிரேசிலில் 2019 ஜனவரியில் புருமாடின்யோ அணை உடைந்து 270 பேர் போன பிறகு உலகம் இந்தப் பக்கம் வேகமாகத் திரும்பியது.

இன்னொன்று. ஒரு கிலோ அலுமினியம் கல்லிலிருந்து எடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஏழு கிலோதான் தேறும். அதே அலுமினியத்தைப் பழைய பாத்திரத்திலிருந்து உருக்கினால் இதில் சுமார் 5 சதவீதம் போதும். தெருவில் பழைய அலுமினியம், ஈயம், பித்தளை என்று கூவிக்கொண்டு சைக்கிளில் வருகிற அண்ணன் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று இதிலிருந்து தெரியும்.

சேலத்து மேக்னசைட்டைச் சுத்தமாகச் சுட முடியுமா?

பாதி முடியும். அந்தக் கல்லுக்குள்ளேயே கரியமில வாயு கட்டுண்டு கிடக்கிறது. ஆயிரம் கிலோ சுத்தமான மேக்னசைட்டைச் சுட்டால் உலைச் செங்கல்லுக்கு வேண்டிய மக்னீசியா 480 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே கிடைக்கும், மீதி 520 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவாகவே போய்விடும். எந்த எரிபொருளை மாற்றினாலும் இந்தப் பங்கு குறையாது, அதைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. மின்சாரத்தால் வெளியிலிருந்து சூடாக்கும் சூளையில் புகை கலக்காததால் அந்த வாயு கிட்டத்தட்டத் தூய்மையாக வரும், பிடிப்பது சுலபம். அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. மக்னீசியாவில் செய்த உலைச் செங்கல்லை உருக்காலைகள் தேய்ந்ததும் கழற்றிப் போடுகின்றன, அதைச் சுத்தம் செய்து அரைத்து மறுபடி செங்கல்லில் கலக்கலாம். அதில் கரியமில வாயு ஏற்கனவே போயாயிற்று.

கொலுசு, நகைப் பட்டறைகள் சின்னச் சின்ன வீடுகள்தானே, அங்கே என்ன சுத்திகரிப்பு?

அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கும்.

வெள்ளியைச் சுத்தம் செய்ய நைட்ரிக் ஆசிட்டில் கரைக்கும்போது பழுப்பு நிறத்தில் ஒரு புகை எழும். அந்தப் பட்டறைகளின் பின் ஜன்னல் கம்பியைப் போய்ப் பாருங்கள், துரு ஏறி ஈர்க்குச்சி மாதிரி மெலிந்திருக்கும். கம்பிக்கு அந்தக் கதி என்றால் நெஞ்சுக்கு? அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர் அப்போதைக்குச் சாதாரணமாக இருப்பார், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆபத்தாகும். ஆசிட்டோடு ஹைட்ரஜன் பெராக்சைடு அளவாகச் சேர்த்து, சூட்டைக் கட்டுப்படுத்திக் கரைத்தால் அந்தப் புகை பெருமளவு எழும்பாது, ஆசிட்டும் மிச்சம். இதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும், தானாகச் செய்து பார்க்கிற வேலை இல்லை. மீறி எழும் புகையைக் காஸ்டிக் தண்ணீர் வழியாக இழுத்துக் கழுவலாம். செம்புத் தகடு போட்டு வெள்ளியை இறக்கிய பிறகு மிஞ்சும் நீலத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் இருப்பது முழுக்கச் செம்பு. இரும்புத் துண்டு போட்டால் செம்பு படியும், அதை விற்கலாம், பிறகு சுண்ணாம்பு போட்டு மீதியைப் படியவைத்து அந்தச் சேற்றை அபாயக் கழிவாகத் தனியே கொடுத்துவிடலாம்.

தங்கத்தில் வேறு விஷயம். கடைப் பலகையில் "கேடிஎம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏதோ தர முத்திரை என்று இன்னும் நம்புகிறார்கள். அது கேட்மியம் சேர்த்த பற்றவைப்பு. கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், பற்றவைக்கிற சூடும் அந்த அளவில்தான் இருக்கும். ஆசாரி ஊதுகுழலோடு குனிந்திருக்கும்போது அந்த ஆவி நேராக அவர் மூக்குக்குப் போகிறது, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. நகை போடுகிறவருக்கு ஒன்றும் இல்லை, செய்கிறவருக்குத்தான். துத்தநாகம், இண்டியம் சேர்த்த பற்றவைப்பும், லேசர் பற்றவைப்பும் இருக்கும்போது இது எதற்கு? 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயமாகி வருகிறது. கடையில் ஹால்மார்க் எண்ணைக் கேட்கும்போது "கேட்மியம் இல்லாமல் செய்ததா?" என்றும் கேளுங்கள் அம்மணி, பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே சொல்வார்.

அரப்பொடியிலும் சாக்கடை மண்ணிலும் தங்கம் பிடிக்கப் பாதரசம் விட்டு, அதை அடுப்பில் காய்ச்சி ஓட்டுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பாதரச ஆவி வீட்டுச் சுவரில் படிந்து மாதக்கணக்கில் திரும்ப வரும். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்தம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் இருக்கிறது.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது சின்ன வேலைதானே?

ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகு அடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் கேடு. அந்தத் தூள் சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வரும், குழந்தை மடியில் ஏறும், கையை வாயில் வைக்கும். நைஜீரியாவின் சம்பாரா மாநிலத்தில் 2010-ல் ஈயம் கலந்த தங்கக் கல்லை வீட்டு முற்றத்தில் அரைத்ததால் சில மாதங்களில் நானூறு குழந்தைகள் வரை இறந்தார்கள். ஈயத்தில் குழந்தைக்கு இது பரவாயில்லை என்கிற அளவே கிடையாது, கொஞ்சம் போனாலும் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரித்தவர்களே பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள், காயலான் கடையில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தாலும் வேண்டாம்.

நாமக்கல் பக்கம் பிளாட்டினம் இருக்கிறதாமே?

சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமைட்டும் அதோடு பிளாட்டினம் வகை உலோகங்களும் இருப்பதைப் புவியியல் துறையினர் கண்டிருக்கிறார்கள். அதே ஊர்ப் பக்கத்து அனார்த்தசைட் பாறை மண்தான் நிலவு மண்ணை ஒத்திருக்கிறது என்று இஸ்ரோ சோதனைக்கு எடுத்துப் போனது. ஆனால் இந்த உலோகங்கள் டன்னுக்கு ஒரு சில கிராம் கணக்கில்தான் இருக்கும், மீதி மொத்தமும் கழிவு. நாமக்கல் லாரிப் பட்டறைகளைப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளின் புகைக்குழாயில், புகையைச் சுத்தமாக்க இருக்கும் வினையூக்கிப் பெட்டியில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கின்றன. அந்த வண்டிகள் காயலானுக்கு வரும் நாளில் அந்தப் பெட்டியைத் தனியாகக் கழற்றி முறையாகச் சுத்திகரிக்க ஒரு பொது ஆலை இங்கே இருந்தால், மலையை உடைக்காமலே பிளாட்டினம் கிடைக்கும். அதற்கு இப்போதே தயாராகலாம்.

நுண்ணுயிரை வைத்து உலோகம் எடுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. கந்தகம் கலந்த செம்புக் கல்லைக் குவித்து அமிலம் கலந்த நீர் தெளித்தால் சில பாக்டீரியாக்கள் செம்பைக் கரைத்துக் கொடுக்கும். உலையும் புகையும் வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், ஒழுகும் அமிலத்தைப் பிடிக்க அடியில் நல்ல விரிப்பு வேண்டும்.

சுரங்கத்தை மூடிய பிறகு அந்தக் குழிகளை யார் பார்ப்பது?

சட்டப்படி குத்தகைக்காரர். தோண்ட ஆரம்பிக்கும்போதே மூடும் திட்டமும் அதற்கான வைப்புத்தொகையும் கொடுத்திருக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்திருந்தால்தான் பிறகு மரம் வரும், அதைக் கல்லோடு கலந்து கொட்டியிருந்தால் வேலிக்காத்தான்தான் வரும். 2015-ல் சட்டம் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று கொண்டுவந்தார்கள், சுரங்கக்காரர் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களின் குடிநீர், மருத்துவம், சுற்றுச்சூழலுக்கு முதலில் போக வேண்டும். உங்கள் ஊர் கிராமசபையில் எழுந்து, நம் மாவட்டத்தில் எவ்வளவு சேர்ந்தது, நம் ஊருக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். நுரையீரல் பரிசோதனை முகாம் கேட்டு வாங்க இதைவிடப் பொருத்தமான பணம் கிடையாது.

சின்னப் பட்டறைக்காரன் இவ்வளவுக்கும் காசுக்கு எங்கே போவான்?

எல்லாவற்றுக்கும் காசு வேண்டாம். நகைப் பட்டறையில் மேசைக்குக் கீழே உறிஞ்சு குழாய் வைத்தால் அரப்பொடித் தங்கமே அதன் விலையைத் திருப்பிக் கொடுக்கும். பவுண்டரியில் மணல் மீட்பு, கழிவு நீர் எல்லாம் பொது ஆலையாக வைத்தால்தான் கட்டும், அதற்கு நம்ம பக்கத்துத் தொழில் சங்கங்கள் முன்னுக்கு வர வேண்டும். பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் ஊர் சேர்ந்து பெயர் வாங்கியவர்கள் நாம், இதையும் சேர்ந்து செய்யலாம்.

நாளைக் காலையில் முதல் வேலையாக எதை மாற்றுவது?

கம்ப்ரசர் காற்றைப் பிடித்துச் சட்டையையும் தரையையும் ஊதிச் சுத்தம் செய்வதை நிறுத்துங்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒருவர் முதுகுக்கு ஒருவர் காற்றடித்துக்கொள்வார்கள், பட்டறையில் ஒரு நாளில் எழும் மோசமான தூசி அந்த இரண்டு நிமிடத்தில்தான். காய்ந்த துடைப்பத்தையும் எடுத்து வையுங்கள். உலையிலிருந்தும் வார்க்கும் இடத்திலிருந்தும் தள்ளி இருக்கும் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டலாம், உலைப் பக்கத்தில் ஒரு சொட்டும் கூடாது, அங்கே தொழிற்சாலை வாக்குவம் கிளீனர்தான். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றி, அங்கேயே துவைத்து, குளித்துவிட்டு வேறு சட்டையில் வீட்டுக்குப் போங்கள். துண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள்.